ஏழு எடுத்தால் லண்டன்

ஊரையெல்லாம் பிளேன் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற மனிதரைக் கண்டால், அவர் ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இந்தத் தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்தப் பரீட்சையில் வாசிப்பதையும் கேட்பதையும் மாணவர்கள் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார்கள். எழுது, பேசு என்று வரும்போதுதான் நமக்கு உயிர் போகும். என்னுடைய பாஸ்போட் ஒரு முத்திரைகூட விழாமல் புத்தம்புதிதாகவே காலாவதியாகிவிட்டது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

என் வகுப்பு மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் நடக்கிறது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் கடதாசி பறக்கும், பூட்டினால் நாங்கள் வெந்துபோவோம். கீழே தெருவில் கழுதைகள். பேச்சுப் பயிற்சியை போனில் பதிந்து போட்டுக் கேட்டால், மாணவரைவிடக் கழுதை தடங்கலில்லாமல் பேசியிருக்கும்.

பயணம் சொன்ன பிள்ளை

பேசாலையைச் சேர்ந்த ஜெனிற்றா ஒரு தாதி. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவருக்கு வேலை தர ஒப்புக்கொண்டிருந்தது. பேச்சில் மட்டும் ஒன்பதுக்கு ஏழு புள்ளி வேண்டும். இரண்டு தரம் எடுத்தார், இரண்டு தரமும் ஆறு. மூன்றாந்தரமும் தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும் என்று அறிவித்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஊரில் இருந்தது. ஜெனிற்றா முதல்தரம் பரீட்சைக்குப் போகும்போதே, வெளிநாட்டுக்கே போகிறார் என்று முடிவுகட்டி, மாமியார் அவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பயணம் சொன்னால் சொன்னதுதான், போயே ஆகவேண்டும். சனம் கட்டிப்பிடித்து அழுது, மிளகாய்த்தூளும் கருவாடும் பொதிசெய்து கொடுத்து அனுப்பிய பிள்ளை, அடுத்த ஞாயிறு பூசையில் முன்வரிசை வாங்கில் இருந்தால் அந்தச் சனத்துக்கு எப்படி இருக்கும்? கருவாடு கொடுத்தவர்கள் நேராகக் கேட்காமல் கண்ணால் கேட்டார்கள். ஜெனிற்றா சந்தைக்குப் போவதையே விட்டார். அப்படியும் ஒரு நாள் மீன் விற்கிற அம்மா ஒருவர் றோட்டில் மறித்துவிட்டார்.

“பிள்ளை, நீ இன்னும் போகேல்லையே? நான் உனக்காக அழுது முடிச்சிட்டன்.”

பிரதிகள்

கணேசன் மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கனடாவில் ஒரு பண்ணை வேலைக்காகப் படித்தார். ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தண்ணீருக்கும் றோட்டுக்கும் யானை வேலிக்கும் மகஜர் எழுதி எழுதியே கை பழகினவர்.

‘பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகப் பாட்டுப் போடுகிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுதுக’ என்று பயிற்சி கொடுத்தேன். பரீட்சைக்கு வழக்கமாக வருகிற கேள்விதான். கணேசன் ஆங்கிலத்தில் எழுதித் தந்ததை வாசித்து எனக்கு வியர்த்துவிட்டது. பாட்டுச் சத்தத்தால் அல்லலுறும் கிராம மக்கள் அனைவரின் சார்பிலும் மிகத் தாழ்மையுடன் அறியத்தருவதாகத் தொடங்கியிருந்தார். கடைசியில் பிரதிகள்: பிரதேச செயலாளர், அரசாங்க அதிபர், ஆயர், பள்ளிவாசல் தலைவர், ஜனாதிபதி. அதற்குக் கீழே ஊரார் கையெழுத்து வைப்பதற்கு இடம் விட்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதரிடம் பாட்டைக் குறை என்று சொல்வதற்கு ஜனாதிபதி எதற்கு என்று கேட்டேன். கணேசன் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“ஒருத்தருக்கு மட்டும் எழுதினா அவரு படிச்சிட்டு சும்மா இருந்துருவாரு சார். மேல உள்ளவங்களுக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் பாட்டு நிக்கும்.”

எந்தப் பக்கம்

தாழ்வுபாட்டு றொசானுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கருத்துத்தான் வராது. ‘இளைஞர்கள் வேலை தேடிச் சொந்த ஊரைவிட்டு வெளியேறவேண்டும். உடன்படுகிறீர்களா?’ என்று கட்டுரைக்குக் கொடுத்தேன். முதற்பந்தியில் உறுதியாக உடன்பட்டார். அடுத்த பந்தியில் அதே உறுதியோடு மறுத்தார். முடிவுரையில், பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்மானிப்பதே எல்லோருக்கும் நல்லது என்று கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டார். எங்கள் ஊர்க் கூட்டங்களில் பேசியே பழகியவர் வேறு எப்படி எழுதுவார்? ஒரு பக்கத்தில் நின்று அடித்துப் பேசினால்தான் புள்ளி என்று தொண்டை வற்ற விளங்கப்படுத்தினேன். றொசான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“சரி சேர், திருத்திற ஆள் எந்தப் பக்கமெண்டு முதல்ல விசாரிச்சுச் சொல்லுங்கோ. நான் வடிவா எழுதித்தாறன்.”

கழுத்துப்பட்டி கட்டிய அந்நியன்

கடைக்கும் மேல்மாடிக்கும் சொந்தக்காரர் நிஸ்தார் நானா. மறிச்சுக்கட்டியில் பிறந்தவர். அவருக்குப் பரீட்சை எழுதும் எண்ணமே கிடையாது. அவுஸ்திரேலியாவில் வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அவர்களோடு வட்ஸ்அப்பில் நாலு வார்த்தை கதைக்கவேண்டும் என்பதற்காகக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மேலே ஏறி வந்து இருப்பார்.

பேச்சுப் பரீட்சை எப்படி நடக்கும் என்று காட்டுவதற்காக நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பரீட்சகராக இருந்தேன். ‘உங்கள் முழுப்பெயர் என்ன?’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். சொன்னார். உடனே என் பெயரைக் கேட்டார். எங்கே வசிக்கிறீர்கள் என்றேன். சொல்லிவிட்டு, நான் எந்த ஊர், தகப்பன் யார், தாய்வழி எங்கே என்று தொடங்கினார். என்னைப் பல வருடமாகத் தெரிந்த மனிதர்தான். ஆனால் கழுத்துப்பட்டி கட்டியதும் நான் அந்நியனாகிவிட்டேனாம், அடியிலிருந்து விசாரிக்கவேண்டுமாம். நேரம் முடியும்போது என் தங்கச்சி எங்கே கலியாணம் முடித்தாள் என்பதுவரை நான் சொல்லி முடித்திருந்தேன். முறைப்படி பார்த்தால் அன்றைக்குப் பரீட்சை எடுத்தது நான்தான். கேள்வி கேட்பது பரீட்சகரின் வேலை, உங்களுடையது பதில் சொல்வது மட்டுமே என்று கடைசியில் கொஞ்சம் கடுப்போடு சொன்னேன்.

“ஆளு ஆரு, எந்த ஊரு எண்டு தெரியாம அவருக்கிட்ட நான் எதுக்கு மாஸ்டர் வாயத் தொறக்கணும்?”

மூன்று வசனம்

ஜெனிற்றாவின் ஆங்கிலத்தில் பிழை சொல்ல முடியாது. வார்ட்டில் டொக்டருக்கு நோயாளியின் விபரத்தை மளமளவென்று ஒப்புவிப்பார். ஆனால் அவரைப் பற்றி அவரிடமே ஏதும் கேட்டால் சுருங்கிவிடுவார். கடல் பிடிக்குமா என்றால் ஓம். ஏன் என்றால், வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. அதற்குமேல் ஒரு சொல் வராது. பரீட்சையில் ஒரு சிறு அட்டையைத் தந்து, அதிலுள்ள விடயத்தைப் பற்றி இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசச் சொல்வார்கள். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே கிடக்கும் பள்ளம் அதுதான்.

‘மறக்கமுடியாத ஒரு பயணம்’ என்ற அட்டையைக் கொடுத்தேன். ஜெனிற்றா ஆங்கிலத்தில் சொன்னார்: சின்ன வயதில் படகில் இந்தியாவுக்குப் போனோம். இருட்டாக இருந்தது. போய்ச் சேர்ந்தோம். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். மணிக்கூடு தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. யார் கூட வந்தார்கள், என்ன கண்டீர்கள், மனதுக்கு எப்படி இருந்தது, எல்லாவற்றையும் விரித்துச் சொல்லவேண்டும், கேட்கிறவர் உங்களை அறிய ஆசைப்படுகிறார் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“சின்னனில பாலத்தடியில ஆமி மறிச்சுக் கேக்கேக்க அம்மா என்ர கையை நுள்ளிப் பிடிப்பா, சேர். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்ன ஆக்கள்தான் வீட்டை வந்தது.”

விடுப்பு

அன்றைக்கு வகுப்பை வேளைக்கே முடித்துவிட்டேன். எனக்குத் துக்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. சரளத்துக்குப் புள்ளி, சொல்வளத்துக்குப் புள்ளி, உச்சரிப்புக்குப் புள்ளி என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு உயிர் தப்பியதற்கு ஒரு கட்டமும் இல்லை.

அடுத்த வகுப்புக்கு சைக்கிள் காற்றுப்போய்த் தள்ளிக்கொண்டு பிந்தித்தான் வந்தேன். மாடிப்படியில் ஏறும்போதே மேலே இரண்டு குரல்கள் ஆங்கிலத்தில் கேட்டன. என் கதிரையில் நிஸ்தார் நானா இருந்தார். எதிரே ஜெனிற்றா. நானா தனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில், நீ பேசாலையில் எந்தப் பக்கம், யாருடைய மகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஜெனிற்றாவின் தகப்பனைத் தனக்குத் தெரியும் என்று ஒரே சந்தோசம். பிறகு, யாருடைய படகில் போனீர்கள், கையில் என்ன கொண்டுபோனீர்கள், தம்பி அழவில்லையா, அங்கே முதலில் சோறு போட்டது யார் என்று ஒவ்வொன்றாக இழுத்தார். ஜெனிற்றா சொல்லிக்கொண்டே போனார். படகுக்காரர் கரை வந்துவிட்டது என்று இறக்கிவிட்டது நடுக்கடல் மணல்திட்டில். முழங்கால்வரை தண்ணீர். கொண்டுபோன பிஸ்கட் பைக்கற்று நனைந்துபோக, தம்பி உயிருக்குப் பயந்து அழாமல் பிஸ்கட்டுக்காக அழுதான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அந்த இருட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

இத்தனை நாளாக என்னிடம் மூன்று வசனத்தோடு நிறுத்தியவர் நானாவிடம் எப்படி வாய் திறந்தார் என்று உள்ளே போய்க் கேட்டேன். மாஸ்டருக்கு மனம் நோகக்கூடாது என்று ஜெனிற்றா கொஞ்சம் யோசித்தார்.

“நீங்கள் கேட்டா விசாரணை மாதிரிக் கிடக்கு, சேர். நானா சும்மா விடுப்புத்தானே கேக்கிறார்.”

சொந்தக்காரர்

அன்றோடு என் கழுத்துப்பட்டி நானாவின் கழுத்துக்கு மாறியது. அவர் பரீட்சகர், நான் மணிக்கூடு பார்க்கிற ஆள். விடுப்பு என்று ஊர்ப்புதினம் விசாரிக்கிற, ஊரில் பிறந்தநாள் முதல் யாரும் கட்டணம் வாங்காமல் செய்துவருகிற வேலையை நான் பாடத்திட்டம் போட்டுச் செய்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

ஜெனிற்றா மூன்றாந்தரம் கொழும்புக்குப் புறப்பட்டபோது மாமியார் மறுபடியும் பயணம் சொல்ல நல்ல சீலையை எடுத்து வைத்தாராம். ஜெனிற்றாவின் கணவர் யூட் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் கேற்றடியிலேயே நின்று தாயைத் தடுத்தார். முடிவு வர இரண்டு கிழமை. ஜெனிற்றாவுக்குப் புள்ளி வராவிட்டால் அவர் எந்த முகத்தோடு பேசாலை றோட்டால் நடப்பார் என்பதே நினைப்பாக இருந்தது.

பேச்சுக்கு ஏழரை வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனிற்றா படியேறி வந்தபோது கணேசன் எழும்பி நின்று கைதட்டினார். பரீட்சகர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். நிமிர்ந்தே பார்க்காத வெள்ளைக்காரராம், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லையாம். அப்படிப்பட்டவரோடு எப்படிக் கதைத்தீர்கள் என்றேன்.

“மறிச்சுக்கட்டி ஆள், நானாவுக்குச் சொந்தக்காரர் எண்டு மனசுக்க முடிவெடுத்திட்டுத் துவங்கினனான், சேர். அவர் போதுமெண்டு கை காட்டித்தான் நிப்பாட்டினனான்.”

ஒரு சொல்

ஜெனிற்றா போய்விட்டார். ஒரு வீட்டுக்கும் பயணம் சொல்லவில்லை. சொல்லாமல் போய்விட்டாளே என்று இப்போது பேசாலையில் பாதிப்பேருக்கு மனவருத்தம்.

சில மாதம் கழித்து வகுப்பு நேரத்தில் வீடியோ அழைப்பு எடுத்தார். போனை மேசையில் நிறுத்திவைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். கணேசன் குளிர் எப்படி என்று கேட்டார். நானா அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, பக்கத்து வீட்டுக்காரர் யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஆரம்பித்தார். ஜெனிற்றாவுக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மாதமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவரின் பெயர்கூடத் தெரியவில்லை என்றதும் நானா பதறிப்போய், நீ பரீட்சை பாஸ்தானே மகள் என்று கேட்டார். ஜெனிற்றா சிரித்தார், ஆனால் அது அவ்வளவு நல்ல சிரிப்பாகத் தெரியவில்லை. பிறகு என்னைத் தேடிப் பார்த்துச் சொன்னார்.

“வார்ட்டில நான்தான் எல்லாரையும் கேக்கிறன், சேர். வெளியில ஹலோ எண்டுபோட்டுக் கதவைச் சாத்திப்போடுவினம். இவ்வளவு பாடுபட்டுக் கதைக்கப் பழக்கிவிட்டியள், இஞ்ச ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கினமில்லை.”

முன்பின் தெரியாதவரிடம் மனம்விட்டுப் பேசத் தெரிகிறதா என்று மூன்று தரம் சோதித்துப் பார்த்து, பேச்சுக்கு ஆளில்லாத ஊருக்கு அனுப்பிவைப்பதுதான், சக பாவிகளே, நாம் செய்துவருகிற தொழில்.