ஐந்தருவி சாலையில் ஒரு டகோட்டா கதவு

இந்தப் பயணத்தை நான் இரண்டு முறை செய்தேன். ஆடி முதல் வாரத்தில் ஒன்று, பதினைந்து நாள் கழித்து இன்னொன்று. முதல் முறை போனது ஒரு ஆளைப் பொய்யன் என்று நிரூபிக்க. இரண்டாம் முறை ஏன் போனேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

டகோட்டா தெரியாதவர்களுக்கு: மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்திருக்கும், இரண்டு விசிறி வைத்த விமானம். 1930களில் வரைந்தது. அதற்குப் பதிலாக வந்த எத்தனையோ விமானங்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. இது சில நாடுகளில் இன்னும் மூட்டை சுமந்து பறக்கிறது. எவ்வளவு பலம் போதும் என்று நுணுக்கிக் கணக்குப் போடாமல், தேவைக்கு மேலேயே கெட்டியாகக் கட்டிவிட்டார்கள் என்பது என் கட்சி. இந்தப் பேச்சை ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். என் மனைவியைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தமும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவோம். ஏமாற்றுக்காரர்களுக்கு நாங்கள் நல்ல தீனி. டகோட்டா கடிகாரம் என்று ஒருவர் என் தலையில் கட்டியது லாரி கடிகாரம். அன்றிலிருந்து சட்டைப்பையில் காந்தம் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. டகோட்டா அலுமினியம், காந்தம் ஒட்டாது. என்னிடம் உள்ள ஒரே அசல் பொருள் ஒரு சின்னப் பெயர்த்தகடு. உள்ளங்கை அகலம், எண் பொறித்தது, ஒரு மூலை உடைந்தது. போன வருடம் ஒரு வியாபாரியிடம் வாங்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன்.

தென்காசியில் இருக்கும் நண்பர் ஒருவர், ஐந்தருவி சாலையில் ஒரு மசாஜ்காரர் விமானக் கதவில் ஆட்களைப் படுக்க வைத்து எண்ணெய் தேய்க்கிறார் என்று எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்புதான் வந்தது. காந்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையில் காலை 5.10க்கு பஸ், தென்காசியில் 9.30. டிக்கெட் 135 ரூபாய். அங்கிருந்து குற்றாலம் 5 கி.மீ., டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு இன்னொரு 5 கி.மீ. ஆட்டோவுக்கு 250 கேட்டார், 180க்கு வந்தார். நல்ல சாரல், மெயின் அருவியில் கால் வைக்க இடமில்லை. ஆட்டோக்காரரிடம் கதவைப் பற்றி விசாரித்தேன். அது பழைய பஸ் தகடு, ஊருக்கே தெரியும், ஆனால் படுத்து எழுந்தால் முதுகுவலி போய்விடும் என்றார். எனக்குப் பரம திருப்தி.

தகரக் கொட்டகை. மசாஜ்காரர் பெயர் சுடலைமுத்து, ஐம்பது வயதிருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பைய அங்கன வெளிய வச்சிட்டு வாங்க. துண்டு மட்டும் உள்ள வரட்டும்."

பையை வெளியே வைக்கச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வைத்தேன், காந்தத்தை மட்டும் கைக்குள் மறைத்துக்கொண்டு. கதவு இடுப்புயர நாலு கட்டையின் மேல் கிடந்தது, லேசாகக் கூன் போட்டு. விமான உடம்பு உருண்டை. அதன் கதவும் அப்படித்தான் வளைந்திருக்கும். காந்தம் ஒட்டவில்லை. பஸ்ஸிலும் அலுமினியம் போடுவார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு குப்புறப் படுத்தேன். அவர் முதுகைத் தேய்க்கத் தேய்க்க, நான் துண்டுக்கடியில் விரலை விட்டு ரிவெட் ஆணிகளை எண்ணினேன். இடைவெளி பிசகவே இல்லை. பஸ் தகட்டில் இவ்வளவு சீராக அடிக்க மாட்டார்கள்.

அடியில் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் கை நின்றுவிட்டது. அப்புறம்தான் சொன்னார். அவர் அப்பா பட்டாளத்தில் விமான ஃபிட்டர். கழித்த விமானத்தின் கதவை ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்தவர். அடிப்பக்கம் பெயர்த்தகடு இருந்திருக்கிறது. போன சீசனில் ஒரு ஆள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அடியில் நுழைந்து, அதை நெம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அது இருந்த வரைக்கும் எவனும் வாயத் தெறக்கல. இப்ப பஸ் தகடுங்கானுவ. எங்க அய்யாவப் புளுகன் ஆக்கிட்டுப் போயிட்டான் சார் அவன்."

சரியான கதை, இருந்த அத்தாட்சி திருடு போயிற்றாம் என்று நினைத்துக்கொண்டே அவர் கொடுத்த டார்ச்சோடு அடியில் நுழைந்தேன். அவரும் கூடவே குனிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்குச் சட்டத்தில் மூன்று ரிவெட் துளைகள் காலி. நாலாவதில் ரிவெட்டோடு ஒரு துண்டுத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது, கிழிந்த மூலை. அதில் 38 என்ற எண். என் கூடத்துத் தகட்டில் எண் பாதியில் அறுந்து நிற்கும். அந்த மூலையைத்தான் காணோம்.

புத்தி அப்போதும் திருந்தவில்லை. நான் இணையத்தில் போட்டிருந்த என் தகட்டின் படத்தைப் பார்த்து, இவரே மூலை செய்து ஒட்டியிருப்பாரோ என்று யோசித்தேன் பாருங்கள்! வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல் 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினேன். காந்தத்தை அங்கேயே மறந்துவிட்டேன்.

பதினைந்து நாள் கூடத்துப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை. நான் திருடவில்லை, வாங்கினேன் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மனம் கேட்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று வியாபாரியை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அசலா என்று மட்டும்தான் கேட்டேன். ஒரு நாள் ஆணியிலிருந்து கழற்றி, சட்டத்தைப் பிரித்துத் தகட்டை எடுத்துக்கொண்டு, அதே 5.10 பஸ்ஸில் ஏறினேன்.

சுடலைமுத்து தகட்டைக் கையில் வாங்கினார், ஆனால் நம்பவில்லை. எண்ணெய்ப் புட்டிகளுக்கு நடுவிலிருந்து என் காந்தத்தை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அப்புறம் தகட்டோடு கதவுக்கடியில் போனார். தகடு தகட்டில் உரசும் சத்தம் கேட்டது.

"சேருது" என்றார் உள்ளேயிருந்து. பிறகு, "அன்னைக்கே தெரியுமா ஒமக்கு?"

தெரியும் என்றேன். 'சார்' போய் 'ஒமக்கு' ஆனது எனக்குக் கேட்டது. பக்கத்து கிரில் பட்டறையில் ரிவெட் கன் இரவல் வாங்கி வந்து, தகட்டை அதன் பழைய இடத்திலேயே அடித்தார். பட்டறைக்காரரைக் குனிய வைத்து, எண்ணை முதலிலிருந்து கடைசி 38 வரை உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டு தடவை.

போகிறவர்களுக்கு: சீசனில் வார நாட்களில் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். முக்கால் மணி நேரம் 500 ரூபாய், பேரம் பேசாதீர்கள். பழைய துணி கட்டிக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கறை போகாது. தகட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், காட்டுவார், கூடவே குனிவார். பழம்பொருள் வாங்குகிறவராக இருந்தால் அசலா என்று கேட்கும்போதே, யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள்.

நான் கிளம்பும்போது சுடலைமுத்து என் பையை வாங்கி, ஜிப்பைத் திறந்து, துணியை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.