தையல் மெசினைத் தூக்கிய சொல்

போன சனிக்கிழமை, டண்டினொங்கில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கட்டடத்தின் முன்னால் ஒரு தையல் மெசின் அந்தரத்தில் தொங்கியது. கூடவே என் மானமும்!

மெசின், எங்களுக்கு நேர் மேல்வீட்டுக் கிரேக்கப் பெண் எலெனியுடையது. தொழிற்சாலையில் அவளுக்கு வேலை போய்விட்டது. வீட்டிலிருந்தே உடுப்புத் தைக்கலாம் என்று, கையிலிருந்ததையெல்லாம் போட்டுப் பழைய ஃபாக்டரி மெசின் ஒன்றை வாங்கிவிட்டாள். விழுந்து உடைந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை. படிக்கட்டோ ஒடுக்கம். பால்கனியில் கப்பி கட்டி, கயிற்றால் தூக்குவதென்று முடிவானது.

கொழும்புத் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவன் சும்மா இருப்பேனா? பாரம் தூக்கும் விதிகளை வரிசையாக எடுத்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, கயித்திலை மட்டும் கை வைக்காதேங்கோ. வாயோடை நில்லுங்கோ" என்றாள் மனைவி.

கயிற்றில் மூன்று பேர். எலெனியின் கணவர் கோஸ்டா, பக்கத்து வீட்டு இத்தாலியர் பீனோ, எதிர்வீட்டுத் துருக்கியர் மெஹ்மெட். கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் சைப்பிரஸ் தீவில் நடந்த சண்டைக்குப் பிறகு கோஸ்டாவும் மெஹ்மெட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் கயிறு ஒன்றுதானே...

பாதி உயரத்தில் மெசின் சுழலத் தொடங்கியது. கோஸ்டா கிரேக்கத்தில் கத்தினார். பீனோ இத்தாலிய மொழியில். நான் சுத்தமான ஆங்கிலத்தில். ஆளுக்கொரு பக்கம் இழுக்க, மெசின் சுவரில் இடித்தது.

பாரம் தொங்கும்போது ஒரு குரல்தான் கேட்கவேண்டும் – துறைமுகத்தின் முதல் விதி. அதைச் சொல்லித்தான் நானும் கத்திக்கொண்டிருந்தேன்!

"எல்லாரும் வாயை மூடுங்கள்!" பால்கனியிலிருந்து எலெனி. மூடினோம்.

"வீரா!" என்றாள்.

மூவரும் ஒன்றாக இழுத்தார்கள். மெசின் பால்கனிக் கம்பியில் உரசப் போனது. "மாய்னா..." சற்றே இறக்கினார்கள். மறுபடி "வீரா!" மெசின் பத்திரமாகப் பால்கனிக்குள் போய் உட்கார்ந்தது.

காப்பியோடு விசாரணையை ஆரம்பித்தேன். எலெனியின் தகப்பன் மீன்பிடிப் படகுக்காரராம். அங்கே வீரா என்றால் தூக்கு, மாய்னா என்றால் இறக்கு. இத்தாலியக் கப்பல்காரர்களிடமிருந்து வந்த சொற்கள். பீனோவின் ஊரில் கப்பலைத் திருப்புவதற்கும் வீராவின் குடும்பத்துச் சொல்தான். பிரெஞ்சுக்காரர்கள் அதே குடும்பத்துச் சொல்லால் ஆளை வேலையிலிருந்தே தூக்கிவிடுகிறார்கள்! ஆங்கிலக் கப்பலில் மட்டும் 'வீர்' என்றால் கயிற்றை விட்டுக்கொடு. நல்லவேளை, கயிற்றில் ஆங்கிலேயர் எவரும் இல்லை.

"எங்கள் மொழியில் அதற்கு 'ஓயாமல்' என்றும் பொருள்" என்றார் மெஹ்மெட். "என் மனைவி வீரா பேசுவாள்."

கோஸ்டா கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "என்னுடையவளும்."

இத்தனை காலத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். போதாதா என்ன?

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் தலைக்கு மேலே மெசின் ஓடுகிறது – மெஹ்மெட் சொன்ன வீரா. சத்தத்துக்கு எங்கே, எப்படி முறைப்பாடு கொடுப்பதென்று எனக்கு அத்துப்படி.

கொடுக்கப்போவதில்லை.