வடிச்சல் பாசியின் பை

கல்முனையில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நஸீறா உதவியாளர். பதினொரு வருடமாக மற்றவர்கள் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து முடித்த கண்ணாடித் தகடுகளைக் கழுவி அடுக்கி வருகிறவர். இந்த ஆண்டுக் கண்காட்சியில்தான் அவருக்கென்று ஒரு மேசை கிடைத்தது. உயிர்களைப் பிடித்துத் தின்னும் தாவரத்தின் இழையத்தை நுணுக்குக்காட்டியில் காட்டுகிறேன் என்று அவரே கேட்டு வாங்கியது.

தாவரம் ஒன்றும் அபூர்வமானதல்ல. சம்மாந்துறை வயல்களில் மிஞ்சிய தண்ணீர் ஓடும் வடிச்சல் வாய்க்காலில் வேரில்லாமல் மிதக்கும். ஊரில் அதுவும் பாசிதான். அதில் கடுகளவு பைகள். சிற்றுயிர் ஏதாவது பையின் வாசலில் உரசினால் கதவு திறக்கும். தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துவிடும்.

காலை ஒன்பது மணி. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முதல் பிள்ளை கண்ணை வைத்தது.

"மிஸ், கறுப்பு முட்டைதான் கிடக்கு."

நஸீறா பார்த்தார். பைகளுக்குள் கறுத்த விளிம்போடு வட்டங்கள். வேறு துண்டு வைத்தார். அதிலும் அதே.

உயிரியல் ஆசிரியர் ஸஹீத் மணிக்கூட்டைப் பார்த்தார். "பத்து மணிக்குள்ள ஒண்டும் தெரியாட்டி வெங்காயத் தோல வைப்பம் நஸீறா. மேசைய உயர்தர வகுப்புப் பிள்ளையள்ட்ட குடுங்க."

அந்த வட்டங்களை நஸீறாவுக்குத் தெரியும். காற்றுக் குமிழிகள். ஆனால் பைக்குள் எப்படிப் போயின? பாசியைக் கொண்டுவந்து தந்தது சம்மாந்துறையில் வயல் செய்யும் தம்பி முனாப். அவனுக்கு அழைப்பெடுத்தார்.

"பாசிய எப்பிடிடா எடுத்த?"

"கையால அள்ளி, நல்லா உதறிப்போட்டுத்தான் பேக்குல போட்டன் ராத்தா."

களை பிடுங்கிப் பழகிய கை. உதறாமல் எதையும் கரையில் போடாது.

"அதான்! வெளியில தூக்கினதும் பையெல்லாம் காத்தக் குடிச்சிட்டு. போத்தலத் தண்ணிக்குள்ள புடிச்சு, பாசிய உள்ள வுட்டு, தண்ணிக்குள்ளயே மூடியப் பூட்டிக் கொண்டா. பத்துக்கு முதல்."

"நான் மாப்பிள்ளையா வந்த நாளையிலயும் இந்தப் பாசிக்குக் கிடைக்கிற மரியாத எனக்குக் கிடைக்கல்ல."

"கதைக்காம ஓடு!"

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், இடுப்புவரை நனைந்த சாரனோடு முனாப் வந்து சேர்ந்தான். நஸீறா தட்டில் நீருக்குள்ளேயே ஒரு பையைக் காம்போடு நறுக்கியெடுத்தார். குழாயால் நீரோடு உறிஞ்சி, குழிந்த கண்ணாடியில் விட்டார்.

இப்போது பையின் சுவரில் கலங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உட்புறம் முழுக்க நான்கு கை விரித்த நுண்மயிர்கள். நடுவில் ஒரு நீர்த்தெள்ளுப் பூச்சி, இன்னும் காலசைத்தபடி.

ஸஹீத் குனிந்தார். நிமிரவேயில்லை.

"சேர், லைன்ல வாங்க!" பின்னாலிருந்து ஒரு குரல். வரிசையே சிரித்தது.

"வாய் எந்தப் பக்கம் நஸீறா?"

"வலப்பக்கம் சேர். வாசல்ல நீட்டிக்கிட்டு மயிர் நிக்குதுதானே? அதுல பட்டாத்தான் தொறக்கும்."

"பிள்ளையளுக்கும் நீங்களே சொல்லுங்க."

அடுத்து வந்த சிறுமி கண்ணை எடுக்காமலே கேட்டாள். "மிஸ், இந்தப் பூச்சி மௌத்தாப் போகுமா? செத்திருமா?"

"ஓம் மகள்."

"வெளிய வர ஏலாதா?"

"ஏலாது. கதவு உள்ளுக்குத்தான் தொறக்கும்."

நண்பகல் ழுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நஸீறா நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி காயும்போதெல்லாம் ஒரு துளி தண்ணீர் விட்டார். மேசையை யாரிடமும் கொடுக்கும்படி பிறகு எவரும் சொல்லவில்லை.