மெதுவண்டியும் வார்மரும்

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு மெதுவண்டி என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். சின்னதாக ஒரு சரக்கு வண்டி சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். மூன்றாவது கியருக்கு மேல் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். சைக்கிளில் முந்திப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்து அவருக்கு வணக்கம் வைப்பார்கள். அவரும் கோபப்படாமல் பதில் வணக்கம் வைப்பார்.

"சாமான் உடையாமப் போய்ச் சேரணும், அவ்வளவுதானே" என்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி பீரோ, மீன் தொட்டி, தையல் மிஷின் என்று எது ஏறினாலும் ஒரு கீறல் விழாது. வண்டியில் எப்போதும் ஒரு பழைய மெத்தை கிடக்கும். அதைச் சுற்றிக் கயிறு கட்டாமல் எதையும் கிளப்ப மாட்டார். "என்னைவிட அந்த மெத்தைமேலதான் பாசம்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

என் தையல் கடை அரசு சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே அங்கே நடப்பதையெல்லாம் பார்க்கலாம். எங்கள் வட்டாரத்தில் இப்படி மூன்று நிலையங்கள் உண்டு. எங்களுடையது ஒன்று, பாலத்தடியில் ஒன்று, மேட்டில் ஒன்று. மூன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு, கொடிக்கம்பம் உண்டு, வாசலில் புகார்ப் பெட்டி உண்டு. சாமான்கள் மட்டும் ஒரே ஒரு செட்தான்.

பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கிற வார்மர் என்று ஒரு மெஷின் இருக்கிறதே, அது கணக்கில் மூன்று, கண்ணால் பார்த்தால் ஒன்று. தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ், சக்கர நாற்காலி, தீ பிடித்தால் அணைக்கிற சிவப்பு உருளை எல்லாமே அப்படித்தான். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிற அன்று இவையெல்லாம் ஊர்வலம் போகும். முதலில் எங்கள் நிலையத்தில் நிற்கும். அதிகாரி பார்த்து முடித்ததும் பின்வாசல் வழியாக மாமா வண்டியில் ஏறி, வாய்க்கால் ஓரத்துப் பாதையில் பாலத்தடிக்குப் போகும். அங்கே முடிந்ததும் மேட்டுக்கு. டாக்டரும் இந்த செட்டில் சேர்த்திதான். ஆனால் அவர் தன் சொந்தக் காரில் போவார்.

மாமா மெதுவாகப் போய்ச் சேருவதற்கு நேரம் வேண்டுமே, அதற்காக இங்கே டீ. அதைச் சாதாரண டீ என்று நினைத்துவிடக் கூடாது. கிளார்க் அதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தார். முதலில் தண்ணீர், பிறகு பிஸ்கட், பிறகு சர்க்கரை போட்டதா போடாததா என்ற விசாரணை, பிறகு டீ, அதன்பின் ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து அறிமுகம். தோட்டக்காரர்கூட வந்து கைகட்டி நிற்பார். அதற்குள் மாமா பாலத்தடியில் மெத்தையை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

"இது தப்பில்லையா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் வண்டி ஓட்டுறவன் டெய்லரம்மா. நாட்டை ஓட்டுறவன் இல்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தால் கோபத்தைத் தொடர முடியாது. அக்கா இத்தனை வருஷம் படுகிற அவஸ்தையே அதுதான்.

இந்த வருஷம் சோதனை நாளன்று காலையில் அக்கா மகளுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். வீட்டிலிருந்து நிலையம் கூப்பிடு தூரம் என்பதால் நடத்தியே கூட்டி வந்துவிட்டோம். நர்சம்மா உள்ளே படுக்க வைத்தார். அக்கா பிரசவ அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கடையைத் திறந்து வைத்துவிட்டு, கடைக்கும் நிலையத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். குள்ளமான, நரைத்த தலைப் பெண்மணி. அதிகம் பேசவில்லை. பிரசவ அறையை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். மூலையில் வார்மர் எரிந்துகொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டு முன்னறைக்கு டீ குடிக்கப் போனார்.

அவர் முதுகு மறைந்ததும் ஆட்கள் வந்து வயரைப் பிடுங்கி, வார்மரை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அது சக்கரம் கிறீச்சிட அக்காவின் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. அக்கா எழுந்து பின்னாலேயே போனாள். நானும் போனேன். பின்வாசலில் மாமா மெத்தையை விரித்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க போகுது?" என்றாள் அக்கா.

"பாலத்தடிக்கு."

"நம்ம பொண்ணு உள்ள இருக்கா."

மாமா கயிற்றைக் கையில் பிடித்தபடி நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவர் முகமே சரியில்லை. "பயப்படாதீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அநேகமா அது தேவைப்படாது" என்றார்.

கிளார்க் முன்னறையிலிருந்து ஓடி வந்து, "கிளம்புங்கண்ணே, அந்தம்மா பிஸ்கட்டே வேண்டாங்குது. கொஞ்ச நேரத்துல திருப்பிக் கொண்டாந்துடலாம்ல" என்றார்.

மாமா மெத்தையைச் சுற்றினார், முடிச்சுப் போட்டார், வண்டியில் ஏறிக் கிளம்பினார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோல் கையில் இருந்திருந்தால் டயரைக் குத்தியிருப்பேன். அக்கா அழவில்லை. போய்ப் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

நான் முன்வாசல் வழியாகக் கடைக்குப் போகலாம் என்று வந்தால், மாமாவின் வண்டி அங்கே நிற்கிறது. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, அதிகாரியின் ஜீப்புக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தியிருந்தார். இறங்கி, பின்கதவைத் திறந்து, மெத்தையை அவிழ்த்துக் கீழே போட்டார். டீ டம்ளரோடு அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

"இதை இப்பத்தானே உள்ள பாத்தேன்" என்றார்.

"சர்வீசுக்குப் போகுது மேடம்" என்றார் கிளார்க், மூச்சு வாங்க.

"நல்லா எரிஞ்சிட்டிருந்துச்சே."

"சர்வீசுக்கு இல்ல மேடம், பாலத்தடிக்கு" என்றார் மாமா. "நீங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கொண்டு போய் வைக்கணும். அங்கேருந்து மேட்டுக்கு. மூணு எடத்துக்கும் இது ஒண்ணுதான். என் பொண்ணு உள்ள பிரசவத்துக்குப் படுத்திருக்கா மேடம். இது இங்க இருக்கணுமா, அங்க இருக்கணுமா, நீங்களே சொல்லுங்க."

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். தோட்டக்காரர், அறிமுகத்துக்குத் தன் முறை வந்துவிட்டதாக நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார்.

அதிகாரி டம்ளரைத் தோட்டக்காரர் கையில் கொடுத்தார். "இறக்கி உள்ள வைங்க" என்றார். பிறகு கிளார்க்கிடம், "நான் பாலத்தடிக்குப் போறேன். அதுவரைக்கும் நீங்க யாருக்கும் போன் பண்ண வேண்டாம்" என்றார். மாமாவிடம், "ஜீப்பைப் பாத்தா தூரத்துலயே தெரிஞ்சுக்குவாங்க. உங்க வண்டியிலயே வர்றேன். நீங்க எப்பவும் போற வழியிலயே போங்க."

மாமா பிரசவ அறைப் பக்கம் பார்த்தார். அக்கா வாசலுக்கு வந்திருந்தாள். "இங்க இருந்து என்ன கிழிக்கப் போறீங்க? போய்ட்டு வாங்க" என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு செல்லம் இருந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதிகாரியம்மா தனியாகப் போகிறாரே, துணைக்கு ஒரு பெண் வேண்டாமா என்று நானும் ஏறிக்கொண்டேன். துணையாவது ஒன்றாவது, வேடிக்கை பார்க்கத்தான்.

ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள், பின்வாசலிலேயே ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று வண்டியில் மாமாவைக் கேட்டேன். "நான் மாட்டேன்னா வேற வண்டி புடிச்சிருப்பாங்க" என்றார். அவ்வளவு யோசிப்பார் என்று எனக்குத் தெரியாது. வழியெல்லாம் மூன்றாவது கியர்தான். ஒரு சைக்கிள்காரர் முந்திப்போய் வணக்கம் வைத்தார். என்ன ஏது என்று தெரியாமல் அதிகாரியும் வணக்கம் வைத்தார்.

பாலத்தடியில் பின்வாசல் திறந்தே இருந்தது. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அந்த ஊர் நர்ஸ் ஓடி வந்தாள். சின்னப் பெண். அதிகாரியை அவள் கவனிக்கவே இல்லை. "மெஷின் வந்திடுச்சா அண்ணே?" என்றாள்.

மாமா காலி வண்டியைக் காட்டினார். அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்திருந்தது. குழந்தை ஒரு கை அளவுதான். அரை மயக்கத்தில் கிடந்த தாயின் மார்போடு சேர்த்து வைத்து, துண்டுமேல் துண்டாகப் போர்த்தியிருந்தாள் நர்ஸ். டாக்டர் எங்கள் நிலையத்தில் இருக்கிறார்; ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, அது வேறு ஊருக்குப் போயிருக்கிறது. இன்றைக்குச் சோதனை நாள், எப்படியும் மெஷின் வரும் என்று இவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, உடனே உள்ளே தள்ளிப் போர்த்திவிட்டார்.

"சில்லுனு இருக்கு" என்றார் என்னிடம். சிரிப்பதற்காக வண்டியேறி வந்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அதிகாரி அறையின் மூலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். "போன வருஷமும் நான்தான் வந்தேன். இதே மூலையில நின்னுச்சு. சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போனேன்" என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

பிறகு போனை எடுத்து எங்கள் நிலையத்துக்குப் போட்டார். நர்சம்மா எடுத்தார். அவர் பேச்சே கேட்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதிகாரி போனை மாமாவின் காதில் வைத்தார்.

நர்சம்மா கத்திச் சொன்னதைக் கேட்டு, "பேத்தி" என்றார் மாமா. கொஞ்ச நேரம் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "பேத்திக்கு மெஷின் வேணுமாம்மா?" என்று நர்சம்மாவைக் கேட்டார். வேண்டாம், குழந்தை கதகதப்பாக இருக்கிறது என்று பதில் வந்தது. அதிகாரி வாயைத் திறப்பதற்குள் மாமா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

எங்கள் நிலையத்தில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். புழுதியோடு வந்தவர் பேத்தியின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம். நேரே மூலைக்குப் போய் வயரைப் பிடுங்கியிருக்கிறார். "இப்ப எங்க?" என்றிருக்கிறாள் அக்கா.

"இப்ப நெஜமாவே பாலத்தடிக்கு" என்றாராம்.

அவர் வந்த வேகத்தை நான் பார்த்தேன். பாலத்தின்மேல் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு வண்டி பறந்து வந்தது. யாரோ கிறுக்கன் என்றுதான் நினைத்தேன். வார்மர் வண்டிக்குள் மெத்தையில்லாமல், குறுக்கே ஒரே ஒரு கயிற்றோடு நின்றது. பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். இறக்கும்போது மாமா அதைப் பார்த்துவிட்டு, வார்மரை உள்ளே உருட்டினார். நர்ஸ் வயரைச் சொருகினாள். விளக்கு எரிந்தது. குழந்தையை அதன் கீழே கிடத்தினாள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அதிகாரி, மாமா, நான் மூவரும் சுவரோடு ஒட்டி நின்றிருந்தோம்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பாலத்தடிக்குப் புது வார்மர் வந்தது. சிவப்பு உருளைகள் வந்தன. கீறல் விழுந்த பழையது எங்களுக்கே திரும்பி வந்தது. மேட்டுக்கு இன்னும் வரவில்லை, வருகிறது வருகிறது என்கிறார்கள். கிளார்க்கை அங்கேதான் மாற்றியிருக்கிறார்கள். டீ அங்கேயும் நன்றாக இருக்கிறதாம். மாதாமாதம் நடக்கிற ஊர்க் கூட்டத்தில் மாமா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "மேட்டுக்கு எப்ப?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறார். வேறொன்றும் பேசுவதில்லை. போன கூட்டத்தில் அவர் எழுந்ததுமே மேடையில் இருந்தவர்கள் முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாட்டை ஓட்டுகிறவர் இல்லையே நீங்கள் என்று நான் கிண்டல் செய்தால், "ஹாரன் அடிக்கலாம்ல" என்கிறார்.

போன வாரம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கவுன் தைக்கக் கடைக்கு வந்தாள். பாலத்தடியாம். கொழுகொழுவென்ற குழந்தை. நான் அளவெடுக்க நாடாவை நீட்டினால் அதைப் பிடித்துக் கடிக்கிறது. மாமா மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"குறைமாசத்துல பொறந்தவக்கா இவ. அன்னைக்கு யாரோ ஒரு டிரைவர் அசுர வேகத்துல மெஷினைக் கொண்டாந்தாராம். எனக்கு நெனவே இல்ல. அவர் யாருன்னும் தெரியல" என்றாள் அவள்.

நான் மாமாவைப் பார்த்தேன். சொல்லாதே என்று கண்ணால் காட்டினார். எனக்கு நாக்கு அரித்தது, இருந்தாலும் அடக்கிக்கொண்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, அவருக்கே உரிய நிதானத்தோடு, எழுந்து வந்தார். தொங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா சூடா இருக்கு" என்றார் என்னிடம்.