நான் நின்றால் கரையும் வரிசை

என் எம்.எஸ். ஆராய்ச்சி வரிசைகளைப் பற்றியது. எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, கடைசி ஆள் எவ்வளவு நேரம் நிற்பார் என்று கணக்கிட வேண்டும். தாம்பரம் பக்கம் எங்கள் காலனி ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குக் கூட்டம் அலைமோதும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

ஸ்டாப்வாட்சும் அட்டையில் செருகிய தாளுமாகப் போய் நின்றேன். கடைக்காரர் என்னை தாலுகா ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்தவன் என்று முடிவுகட்டிவிட்டார். படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார், இன்னொரு ஆளைக் கூப்பிட்டு பில் போடச் சொன்னார். மண்ணெண்ணெய் அளப்பது மளமளவென்று நடந்தது. மூன்று வாரம் போனேன். ஒரு நாளாவது பத்துப் பேர் சேர்ந்து நிற்க வேண்டுமே, கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டட வேலைக்குப் போகும் ஒரு அக்காவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். "நீங்க வந்துகினே இருங்க சார். நீங்க வந்தாத்தான் இந்தாளுக்குக் கை ஓடுது. எனக்கும் வேலைக்கு லேட்டாவாம கீது."

என் கைடு தாள்களைப் புரட்டிவிட்டு மேஜைமேல் போட்டார். "கியூவே இல்லாத இடத்துல கியூ பத்தி என்னய்யா தீசிஸ்? இந்த மாசத்துக்குள்ள உருப்படியா டேட்டா வரலேன்னா ரிஜிஸ்ட்ரேஷனை மறந்துடு."

மறுநாள் கடைக்காரரிடம் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். "ஸ்டூடன்ட்டா? மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று சிரித்துவிட்டு, அப்போதே பேப்பரைப் பிரித்தார். இரண்டாவது ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்கடுத்த நாள் வரிசை தெருமுனையைத் தாண்டியது. டேட்டா கொட்டியது. அந்த அக்கா என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "அந்தாளாண்ட இன்னா சார் சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்து அவள் வந்த நேரத்தை எழுதினேன்.

முப்பத்துநான்காவதாக வந்து நின்றது அம்மா. முன்னால் விடச் சொல்லியிருக்கலாம். சொன்னால் டேட்டா கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தேன், அப்படியும் ஒரு பிள்ளை. ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்றாள். முப்பத்திரண்டாவது ஆளோடு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

காலி கேனைத் தூக்கிக்கொண்டு என் அருகில் வந்தாள். "எல்லாத்தையும் எழுதிக்கிட்டியாப்பா?"