‘பசியாறல’ என்று அக்கா சொன்ன வெள்ளிக்கிழமை

1

தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் வடிவமைப்பாளராக இருக்கிறேன். காலைக் கூட்டத்தின் நடுவே என் கைப்பேசியில் ஒரு வரி வந்தது: ‘பசி இல்ல. உணவு முடிந்தது. ஊசி போடச் சொல்லியாயிற்று.’

அதை அனுப்பியது, பாடாங் செராயில் என் அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்த பெட்டி. வார இறுதிகளில் நானே செய்தது. அக்காவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். அவள் சாப்பிடும் நேரம் நிலையாக இல்லாததால், சாப்பிட்டு முடித்த உடனே இன்சுலின் ஊசி போடும்படியும், வெறும் வயிற்றில் போட்டால் ஆபத்து என்றும் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை போட்டதை மறந்து மறுபடி போடப் போனாள். அதன் பிறகுதான் பெட்டி செய்தேன். காலையில் அது “சாப்பிட்டாச்சா அக்கா?” என்று கேட்கும். பதிலைப் பொறுத்து ஊசி போடச் சொல்லும், இல்லையென்றால் காத்திருக்கச் சொல்லும். ஊசி போட்டதாக அவள் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும். மெஷின் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் என் குரலையே பதிவு செய்து வைத்தேன்.

பினாங்கில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். என் ஆய்வுத் திட்டமே இந்தப் பெட்டிதான். நேர்காணல் வரும் செவ்வாய்க்கிழமை. திங்களிலிருந்து பெட்டி பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அக்கா கோயிலுக்குப் போய் வந்த பிறகே வாயில் எதையும் வைப்பாள். பதிவைத் திறந்து கேட்டேன். தெளிவாகவே சொல்லியிருந்தாள்: “இன்னும் பசியாறலடா.”

நம் ஊரில் காலையில் சாப்பிடுவதுதான் பசியாறுவது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்க நான் எடுத்துப் பயன்படுத்திய இலவச நிரல் வேறு ஊர்த் தமிழில் பழகியது. ‘பசியாறிட்டேன்’ என்பதைச் சோதித்திருந்தேன். ‘பசியாறல’ என்பதைச் சோதிக்கவில்லை. நிரல் அதைப் ‘பசி இல்ல’ என்று எழுதிக்கொண்டது. பசி இல்லாதவர் சாப்பிட்டவர் என்ற விதி நான் எழுதியது.

2

அக்கா போனை எடுக்கவில்லை. மாமா, அக்காவின் வீட்டுக்காரர், செம்பனைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். அங்கே லைன் கிடைக்காது. யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்தேன். வழியெல்லாம் அழைத்தேன். மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டு வாசல் கிரில் பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்து, “அக்கா” என்று கத்திக்கொண்டே ஓடினேன். சமையலறையிலிருந்து என் குரலே பதில் சொன்னது: “சாப்பிட்டாச்சா அக்கா?”

அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. கோயிலுக்கு எடுத்து வைத்த பூத்தட்டு பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்தாள்; அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. சீனியைக் கரைத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பெட்டி மறுபடி கேட்டது. வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

நிதானம் வந்ததும் முதலில் கேட்டாள்:

“நீதானேடா போடச் சொன்னே?”

“அது நான் இல்லக்கா. மெஷினு.”

“ஒன் கொரலுதானே லா. மெஷின் கொரலா இருந்தா போட்டிருக்க மாட்டேன்.”

கிளினிக்கில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைத் திட்டாமல் சிரித்தார். “வேலை வாங்குற மண்டோரு சொன்னாக்கூட ஒங்கக்கா எதுக்குன்னு திருப்பிக் கேப்பா. தம்பி சொல்லிட்டா கேள்வியே இல்ல.” அவர் திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

3

செவ்வாய்க்கிழமை நேர்காணலில், நூற்றுக்கு எத்தனை முறை பெட்டி சரியாகப் புரிந்துகொள்கிறது என்று பேராசிரியை கேட்டார். நல்ல எண் ஒன்று ஸ்லைடில் தயாராக இருந்தது. அதைக் காட்டவில்லை. அக்காவின் பதிவைப் போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். புரியாதபோது புரியவில்லை என்று சொல்ல இதற்குத் தெரியாது, அதைத்தான் படிக்க விரும்புகிறேன் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை.

இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் செய்வது பிழை செய்யும். அந்தப் பிழை யாருடைய குரலில் பேசப்போகிறது என்பதை முதலில் யோசியுங்கள். நம்பிக்கையான குரலில் வரும் பிழையை யாரும் தடுக்கமாட்டார்கள்.

பெட்டி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. தினமும் காலையில் நானே அக்காவை அழைத்து, “பசியாறிட்டியா?” என்று கேட்கிறேன். பதில் சொல்வதற்கு முன் அவள் ஒவ்வொரு நாளும் கேட்கிறாள்:

“நீயா, பெட்டியா?”

“நான்தான்க்கா” என்கிறேன். சொன்ன மறுகணம் பயம் வருகிறது. அதே சொல்லை என் குரலில் பெட்டியும் சொல்ல முடியும்; அக்கா அதையும் நம்புவாள்.