தோல் கலர்

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை நகலெடுக்கப் போன இடத்தில்தான் கமர்ஜஹான் அக்கா எனக்குப் பழக்கமானார். பேகம்பூரில் ஒரு சந்துக்குள் அவருடைய ஜெராக்ஸ் கடை. "ஊரு சின்னாளபட்டியா? வேல கிடைக்கிற வரைக்கும் இங்க வந்து டைப் அடி" என்றார். அடிக்கிறேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

அக்கா பத்தாவதோடு பள்ளியை விட்டவர். சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சந்துப் பிள்ளைகளுக்குக் கதை படிப்பார். மந்திரக்காரி குரலில் அவர் சிரித்தால் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள்.

"சின்னதுல நாடகம் விளையாடுனா எப்பவும் நான்தான் மந்திரக்காரி. அந்த வேசத்துக்கு என்னைய விட்டா ஆளே இல்ல" என்பார் பெருமையாக.

அந்த நாடகமெல்லாம் ஒரே படக்கதைப் புத்தகத்திலிருந்து வந்தது. அட்டை போய்விட்டதால் அதற்குப் பெயரில்லை. ஓர் இளவரசி, ஒரு மந்திரக்காரி, ஒரு கிணறு. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்த முதல் புத்தகம் அது. மகள் தஹ்சீன் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அவளுக்குப் படித்துக் காட்டவென்று பாலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தார். போன வாரம் வெளியே எடுத்தார்.

நான் வாங்கிப் புரட்டினேன். 'இளவரசி பால்போல் வெளுத்திருந்தாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்தது. மந்திரக்காரி கரிபோல் கறுத்திருந்தாள். எல்லோரும் பயந்து ஓடினார்கள்.'

"அக்கா, இத அப்படியேவா படிக்கப் போறீங்க?"

"ஏன், அதுக்கென்ன?"

"நல்லவங்கன்னா வெள்ள, கெட்டவங்கன்னா கறுப்பு. பாருங்க."

"ஆரம்பிச்சுட்டியா? படம் பாக்கக்கூட காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா? அது கதைடி. எம்புள்ள என்னய மாதிரி ரசிச்சுக் கேக்கணும், அம்புட்டுதான்."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கல்லூரி கொடுத்த கண்ணை வைத்து இன்னொருவரின் சந்தோஷத்தைக் கெடுக்கலாமா என்று யோசித்தேன். பேசாமல் விட்டது மரியாதையா பயமா என்றும் யோசித்தேன்.

சனிக்கிழமை, படிப்பதற்கு முன், இளவரசி படத்தைக் கோட்டுப் படமாக நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார் அக்கா. எனக்கும் ஒன்று.

"பாவாடைக்கு ஒங்க இஷ்டம். மூஞ்சி, கைக்கு மட்டும் தோல் கலர் அடிங்க."

கிரேயான் டப்பாவில் வெளிர் ரோஸ் குச்சிக்குத்தான் அந்தப் பெயர். பக்கத்து வீட்டுத் தோல் மண்டிக்காரர் மகன் ஃபாரிஸ், பிரவுனை எடுத்து அழுத்தித் தேய்த்தான். அவனைப் பார்த்துத் தஹ்சீனும் பிரவுன்.

"ஏலே, தோல் கலர்னு சொன்னேன்ல?"

"இதான் மாமி தோல் கலர். எங்க அத்தா மண்டிக்கு வந்து பாருங்க. அடுக்கி வச்சிருக்கது எல்லாம் இதே கலர்தான்."

அக்கா சிரிப்புத் தாங்காமல் ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்துவிட்டார். "இளவரசிய ஆட்டுத்தோலாக்கிட்டானே!"

நானும் சிரித்தேன். என் தாளில் பாவாடை, கொலுசு, கிணறு எல்லாவற்றுக்கும் வண்ணம் அடித்திருந்தேன். முகத்தை மட்டும் வெள்ளையாகவே விட்டிருந்தேன். படம் முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தஹ்சீன் தன் கையைத் தாள்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை இழுத்து வைத்தாள்.

"கரெக்டாத்தான்மா இருக்கு."

அக்கா புத்தகத்தைத் திறந்தார். 'பால்போல் வெளுத்திருந்தாள்' என்று படித்ததும் பிள்ளைகள் குனிந்து தங்கள் தாளைப் பார்த்தார்கள். 'கரிபோல் கறுத்திருந்தாள்' என்ற வரியையும் அவர் தாண்டிப் போகவில்லை. படித்தார். ஆனால் மந்திரக்காரியின் சிரிப்பு வரவில்லை.

"அதுக்குத்தான் ஒன்னைய எப்பவும் மந்திரக்காரியாக்குனாங்களாம்மா?" என்றாள் தஹ்சீன்.

அக்கா புத்தகத்தை மடியில் இறக்கினார்.

"எனக்கு நல்லா நடிக்க வரும், அதான்னு நெனச்சுட்டு இருந்தேன்டி."

பிறகு கால்களை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "செத்த நேரம் பொறுங்க. இன்னைக்கு நான் இளவரசி."

"அப்ப மந்திரக்காரி நானு!" என்று ஃபாரிஸ் எழுந்து நின்றான்.

'கிணற்றுக்குள் யார்?' என்பது இளவரசியின் முதல் வசனம். அக்கா தொண்டையைச் செருமினார். குரலை மெல்லியதாக்கி ஆரம்பித்து, பிடிக்காமல் நிறுத்தினார். இத்தனை வருடத்தில் இளவரசிக்கென்று அவர் ஒரு குரல் வைத்துக்கொண்டதில்லை. மறுபடி ஆரம்பித்து மறுபடி நிறுத்தினார். கடைசியில், கடைக்கு வருபவர்களிடம் 'எத்தன காப்பி?' என்று கேட்கும் அதே குரலில் படித்தார்.